ஜெபித்துச் சொல்கிறோம்

எங்கள் சபைக் குடும்பங்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் யாரும் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. காப்பி குடிப்பார்கள், முறுக்கைக் கடிப்பார்கள், எல்லோரும் கண்ணை மூடி ஒரு ஜெபம் ஆகும். வாசலில் செருப்பை மாட்டும்போது அந்த வீட்டுப் பெரியவர் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, "ஜெபிச்சுட்டு சொல்லுதோம்" என்பார். அவ்வளவுதான், தீர்ந்தது. கார் தெருமுனை திரும்புவதற்குள் நாங்கள் மிச்ச முறுக்கை டப்பாவில் போட்டு மூடிவிடுவோம். பிடித்திருந்தால் யாராவது ஜெபித்துச் சொல்வார்களா? அங்கேயே உட்கார்ந்து நாள் கேட்பார்கள். 'முடியாது' என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல எங்களுக்கு ஆண்டவர் தேவைப்பட்டார்.

பிறவிக் கிறிஸ்தவர்களுக்கு இது தெரியும். வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் நான் என் நாத்தனாரின் வாழ்க்கையைக் கெடுத்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெடுத்தது சூழ்நிலை அல்ல, சாத்தானும் அல்ல. எங்கள் ஆட்கள் எதற்கெடுத்தாலும் அவன் தலையில் போடுவார்கள். பாவம், அவன் அன்றைக்கு மேலகரம் பக்கமே வரவில்லை. நான்தான் செய்தேன்.

நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டுக்காரர் போலீஸ். அப்போது சங்கரன்கோவில் பக்கம் டியூட்டி, வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வீட்டில் தலை தெரியும். மேலகரத்து வீட்டில் நான், என் இரண்டு பிள்ளைகள், பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அத்தை, அப்புறம் அவள். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. நர்சரி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அத்தை படுத்த மாதமே வேலையை விட்டாள். யாரும் அவளை விடச் சொல்லவில்லை. விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. அத்தையைக் குளிப்பாட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, துணி அலசுவது எல்லாம் அவள்தான். அதோடு என் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவதும் எப்படியோ அவள் வேலையாகிவிட்டது. அத்தை படுக்கையில் கிடந்த பதின்மூன்று வருஷத்தில் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. எனக்கு நர்ஸ் வைத்துப் பார்க்கிற வசதி இல்லை, அவள் இருந்ததால் அந்த யோசனையும் வந்ததில்லை.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பொய் சொல்ல மாட்டாள். வரன் வரும்போது வயதில் இரண்டைக் குறைத்துச் சொல் என்று எல்லோரும் சொல்வோம். அவள் பளிச்சென்று முப்பது என்பாள்.

"ஏட்டி, ரெண்டு வருசத்த முழுங்குனா உனக்கு வயிறா வலிக்கும்?" என்று கத்துவேன்.

"பொய் சொல்லி வர்ற வாழ்க்க எனக்கு வேண்டாம் மதினி. ஆண்டவர் தார நேரத்துல தரட்டும்" என்பாள். சிரிக்காமல் சொல்வாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். நல்லவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தால்தான் தெரியும். இப்படி ஏழெட்டு வீட்டுக்காரர்கள் ஜெபித்துச் சொல்கிறோம் என்று போய், இன்றுவரை ஜெபித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்தது. சபையில் ஒரு மூத்த டீச்சரம்மா ஒரு வரன் கொண்டுவந்தார்கள். வடகரைக்காரர். தென்னந்தோப்பு, கொஞ்சம் நெல் வயல். வீட்டில் எல்லோரும் இந்து, இவர் மட்டும் இருபத்தைந்து வயதில் தானாகச் சபைக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்தவர். அண்ணன்மார் பேச்சை நிறுத்திவிட்டார்கள், அம்மா மட்டும் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களும் அவருக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். பிறவிக் கிறிஸ்தவர் இல்லையே! ஆத்துமாவைச் சபையில் சேர்த்துக்கொள்வோம், ஆளை வீட்டில் சேர்க்க மாட்டோம்.

வீட்டில் வைத்துக் காட்டினால் அத்தை கிடக்கிற கிடையைப் பார்த்து ஓடிவிடுவார் என்று நான்தான் குற்றாலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். பெண் பார்ப்பதற்கு எங்களுக்குக் குற்றாலம் ரொம்ப வசதி. பிடிக்காவிட்டால் குளிக்க வந்தோம், பார்த்தோம், போனோம் என்று முடித்துவிடலாம். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு பழக்கடை முன்னால் தற்செயலாகச் சந்தித்தது போல நின்றோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை பாதி நனைந்து வந்தார். என் பிள்ளைகளுக்கு மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தார். பிறகு என்னையோ டீச்சரம்மாவையோ பார்க்காமல் நேரே அவளிடம், "உங்களுக்கு எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

அதுவரை வந்த எந்த ஆம்பிளையும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க பொய் சொல்லுவீகளா?" என்றாள்.

அவரும் யோசித்தார். "தேங்கா யாவாரத்துல ஒண்ணு ரெண்டு சொல்லிருக்கேன். இப்ப விட்டுட்டேன்."

அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். அந்த வீட்டுக்கு நான் வாழ வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இவளுக்கு இப்படி ஒரு முகம் இருக்கிறதா என்று இருந்தது எனக்கு. அவர் கிளம்பும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, கை கூப்பி, "ஜெபிச்சுட்டு சொல்லுதேன்" என்றார்.

அவள் முகம் அப்படியே அடங்கிப்போனது. மேலகரம் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி. சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்து, "வடகரைக்காரன் என்ன சொன்னான்?" என்று கேட்டார். "ஜெபிச்சுட்டு சொல்லுதானாம்" என்றேன். "சரி, விடு" என்று சட்டையைக் கழற்றப் போய்விட்டார். டீச்சரம்மாவிடமும் அதையே சொன்னேன். அவர்களும் உச்சுக் கொட்டிவிட்டு விட்டார்கள். அந்த வருஷமே மகனோடு இருக்கச் சென்னைக்கும் போய்விட்டார்கள்.

நாற்பது நாள் கழித்து ஒரு மத்தியானம், ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது போன் வந்தது.

"அக்கா, நான் வடகரையிலிருந்து பேசுதேன். நாப்பது நாள் ஜெபிச்சேன். எனக்குச் சம்மதம்க்கா. மனசுல நல்ல சமாதானம் இருக்கு."

அட மனுஷா, நிஜமாகவே ஜெபித்தாயா? எங்கள் ஆட்கள் பேசுகிற பேச்சை அப்படியே நம்பி, அதற்கு அர்த்தம் அதுதான் என்று நினைத்து, மண்டியிட்டு நாற்பது நாள் ஜெபித்துவிட்டு ஒருத்தன் வந்து நிற்கிறான்.

"அத்தைக்கு முடியலன்னு டீச்சரம்மா சொன்னாங்க. அவுகளையும் இங்கனயே கூட்டிட்டு வந்துரலாம்க்கா. எங்க அம்மாகிட்ட கேட்டுட்டேன். தோப்பு வீட்டுல காத்தோட்டமா இருக்கும்."

அத்தையை யார் பார்ப்பது என்ற பயத்தில் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. அதையும் அந்த மனுஷன் அந்த நிமிஷமே என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். அப்போது தெரிந்தது, எனக்கு வேண்டியது அத்தையைப் பார்க்க ஒரு ஆள் மட்டும் இல்லை என்று. காலையில் டிபன் பாக்ஸ் கட்ட ஆள் வேண்டும். நான் வரும்போது வீடு பெருக்கியிருக்க வேண்டும். மகன் இருக்கும்போது தாயார் மகள் வீட்டில் கிடக்கிறாள் என்று சபையில் நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூடாது. இதற்கெல்லாம் கீழே இன்னொன்றும் இருந்தது. அந்தச் சிரிப்பை நான் மறுபடியும் பார்க்க விரும்பவில்லை. என்னைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஒருநாளாவது உனக்கு ஏதாவது கேட்கணுமா என்று கேட்டிருக்கிறாரா? அவளுக்கு மட்டும் எதற்கு?

"சந்தோஷம் தம்பி. நாங்களும் ஜெபிச்சுட்டு சொல்லுதோம்" என்றேன்.

எங்கள் ஆள் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே புரிந்துகொண்டு போனை வைத்திருப்பான். இவர், "எத்தன நாள் ஆனாலும் சரிக்கா, நல்லா ஜெபிங்க. நான் காத்திருக்கேன்" என்றார்.

அன்று சாயந்தரம் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன், நம்பினால் நம்புங்கள். அத்தை படுக்கையிலேயே மலம் போய்விட்டிருந்தார்கள். அவள் பின்வாசலில் குத்தவைத்து அந்த விரிப்பைத் தண்ணீரில் கும்மிக்கொண்டிருந்தாள். "மதினி, காப்பி மூடி வச்சிருக்கேன், சூடு ஆறதுக்குள்ள குடிங்க" என்றாள். நான் காப்பியைக் குடித்தேன். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் தொந்தரவே பண்ணவில்லை. மூன்று மாதம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "யானை எறங்கி பதினெட்டுத் தென்னம்பிள்ளையப் பிடுங்கிப் போட்டுட்டுப் போயிட்டுக்கா, மறுபடி நட்டாச்சு" என்பார். அப்புறம் மெதுவாக, "ஜெபத்துல இருக்காக்கா?" என்பார். "இன்னும் பதில் வரல தம்பி" என்பேன். என் நாக்கு கூசவில்லை. முதல் தடவை மட்டும் கொஞ்சம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் பழகிவிட்டது. ஆண்டவர் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னால் இடி விழும் என்று சின்ன வயதில் பயந்திருக்கிறேன். ஒரு மண்ணும் விழவில்லை. எனக்கு அந்த வருஷம் இன்க்ரிமென்ட் வந்தது, அதற்கு ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கடைசியாகப் பேசினார். "அம்மாவுக்கு ரொம்ப முடியலக்கா. கண்ண மூடுததுக்குள்ள என் கல்யாணத்தப் பாக்கணும்னு அழுதாங்க. நீங்க இருன்னு சொன்னா நான் இருப்பேன். அம்மாகிட்ட சொல்லிக்கிடுதேன். என்ன சொல்லுதீகன்னு மட்டும் உண்மையச் சொல்லிருங்க."

"கர்த்தருக்குச் சித்தமில்ல தம்பி" என்றேன்.

"சரிக்கா. ஸ்தோத்திரம்" என்றார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனேன்.

அவளுக்கு அதன்பின் வந்ததெல்லாம் மனைவியை இழந்தவர்கள், பிள்ளைக்கு ஆயா தேடுகிறவர்கள். அதுவும் நின்றது. பெண்கள் ஐக்கியத்தில் யாராவது அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் நான்தான் முந்திக்கொண்டு, "எல்லாத்துக்கும் கர்த்தருடைய வேளைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பொறுமைக்கு அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று போதகர் ஐயா ஒருமுறை பிரசங்கத்திலேயே சொன்னார். வருஷத்துக்கு ஒருமுறை ஸ்தோத்திரப் பண்டிகை அன்று அவள் எழுந்து நின்று சாட்சி சொல்வாள். "காத்திருக்கப் பெலன் தந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." வருஷா வருஷம் அந்த ஒரு வரிதான். எல்லோரையும்விடச் சத்தமாக நான் ஆமென் சொல்வேன்.

அவளுக்கு நாற்பது வயது நடக்கும்போது அத்தை போய்ச் சேர்ந்தார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் அவள் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரம் ஆனதும் தன்னையறியாமல் எழுந்து கட்டில் பக்கம் போனாள், புரட்டிப் படுக்க வைக்க. அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. யார் மேல் எரிந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

போன வருஷம் சீசனில் குற்றாலத்தில் ஒருநாள் உபவாசக் கூடுகை. பல சபைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். அவளுக்கு நாற்பத்து மூன்று. நானும் அவளும் ஹாலில் நடு வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் வழக்கம்போல நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். சாட்சி சொல்கிற நேரம் வந்தது. முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து மைக்கை வாங்கினார். தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் மனைவி, ஏழெட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. குரலைக் கேட்டதும் வடகரைக்காரர் என்று தெரிந்துவிட்டது.

"நான் பிறவிக் கிறிஸ்தவன் இல்ல. காத்திருக்கதுன்னா என்னன்னு எனக்கு ஒரு வீட்டுலதான் சொல்லித் தந்தாங்க" என்று ஆரம்பித்தார். "மேலகரத்துல ஒரு வீடு. இதே குத்தாலத்துல, ஐந்தருவி ரோட்டுல, ஒரு பழக்கடைகிட்ட வச்சுப் பொண்ணப் பாத்தேன். நாப்பது நாள் ஜெபிச்சு எனக்குச் சம்மதம்னு சொன்னேன். அவுக நாங்களும் ஜெபிக்கணும்னாங்க. ரெண்டு வருசம் ஜெபிச்சாங்க. வேற யாரா இருந்தாலும் ஒரு வாரத்துல சாக்குச் சொல்லி அனுப்பிருப்பாங்க. அந்த வீட்டு அக்கா ஒரு பொய் சொல்லல. பதில் வரலன்னா வரலன்னு சொன்னாங்க. கடைசில சித்தமில்லன்னு உண்மையச் சொன்னாங்க. எனக்கு வலிச்சுச்சு. ஆனா அந்த உண்மைதான் என்னைய விசுவாசத்துல நிறுத்துச்சு. பெறகு இவுகளக் கர்த்தர் தந்தாரு. அந்த அக்காவுக்காக நான் இன்னைக்கும் ஜெபிக்கேன்."

ஹால் முழுக்க ஆமென் என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் பேனா நின்றிருந்தது. அவள் கடைசி வரை கேட்டாள். பேனாவை மூடினாள், நோட்டைப் பைக்குள் வைத்தாள், எழுந்து வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

வாசலில் சாரல். செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி மாட்டினாள், நானும் மாட்டினேன். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"சம்மதம்னு சொன்னாங்களா மதினி?"

எத்தனையோ பொய் சொல்லத் தெரிந்தவள் நான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ போயிருவன்னுதான்."

"அம்மாவ நெனச்சா?"

"இல்ல. அத்தையையும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் என்று நின்றேன். விழ வேண்டும் என்றும் இருந்தது. செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் கோபமே இல்லை. வேறு ஏதோ பயம் இருந்தது.

"நான் பதிமூணு வருசமா ஜெபிக்கவே இல்ல மதினி."

"என்னட்டி சொல்லுத?"

"வாய் சொல்லும். முழங்கால் போடுவேன். உள்ள ஒண்ணுங் கெடையாது. ஒரு மனுசரக் காட்டி என்னையச் சிரிக்க வச்சிட்டு, அப்பிடியே பறிச்சிட்டாரேன்னு ஆண்டவருகிட்ட பேச்ச விட்டுட்டேன். யாருகிட்டயும் சொல்லல. வருசா வருசம் எந்திரிச்சு நின்னு பொய்ச் சாட்சி சொல்லிருக்கேன்." இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்கன்னு தெரிஞ்சிருந்தா உங்ககூடச் சண்ட போட்டுட்டு, ஆண்டவருகிட்டயே இருந்திருப்பேன்லா."

"ஏட்டி, என்னைய மன்னிச்சிருட்டி" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் உதறவில்லை. சும்மா எடுத்துக்கொண்டாள்.

"உங்கள அப்புறம் பாப்போம். மொதல்ல நான் அவருகிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஒரு தப்பும் செய்யாதவர இத்தன வருசம் குத்தஞ் சொல்லிட்டேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகத் திரும்பினாள். நானும் செருப்பைக் கழற்றினேன்.

"நீங்க வராதீங்க மதினி" என்றாள். "நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு அவருகிட்ட பேச வராது."

நான் போகவில்லை.